சக்கர வீட்டுச் சுவர்கள்

சிகாகோவிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரக் கார்ப் பிரயாணத்தில் இருக்கிறது எல்கார்ட் என்ற ஊர். இந்தியானா மாநிலத்தின் வடக்கு ஓரம். செயின்ட் ஜோசப் ஆறும் எல்கார்ட் ஆறும் கலக்கிற இடம். நயாகரா, நியூயார்க் என்று பட்டியல் போட்டுக்கொண்டு அமெரிக்கா போகிற நம்மவர்களில் அநேகம் பேர் இந்த ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் தண்ணீரில் போட்டதும் நுரைத்துப் பொங்குமே 'அல்கா செல்ட்சர்' மாத்திரை, அது 1931-இல் இந்த ஊரிலிருந்துதான் கடைக்கு வந்தது. ஒரு காலத்தில் பாண்டு வாத்தியத்துக்கான குழல்களும் கொம்புகளும் இங்கே செய்யப்பட்டு உலகமெங்கும் போயின.

இன்று எல்கார்ட்டின் பெருமை வேறு. வட அமெரிக்காவில் ஓடுகிற வண்டி வீடுகளில், பத்துக்கு எட்டுக்கு மேல் இந்தியானா மாநிலத்தில் தயாராகின்றனவாம். அவற்றில் பெரும்பகுதி எல்கார்ட்டையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்தது. ஊருக்குள் நுழைந்தால், நம் ஊர் லாரி பேட்டையில் லாரிகள் நிற்பது போல, வெள்ளை வெளேரென்று வண்டி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

பக்கத்து நகரமான சௌத் பெண்டில் என் தங்கை மகள் இருக்கிறாள். கோடைக்கு இரண்டு மாதம் அவளோடு தங்கப் போயிருந்தேன். அவர்களும் அப்போதுதான் புதிதாக ஒரு வண்டி வீடு வாங்கியிருந்தார்கள். அதனால் ஊர் பார்க்கப் போன எனக்கு, வண்டி வீட்டின் உள்சுவர்கள் வரை பார்க்கிற வாய்ப்புக் கிடைத்தது.

குடித்தனம் முழுதும் இருபதடிக்குள்

வண்டி வீட்டில் பல ஜாதி உண்டு. இவர்கள் வாங்கியதற்கு 'டிராவல் டிரெய்லர்' என்று பெயர். இதற்கு எஞ்சின் கிடையாது. முன்னால் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிக்கப் லாரியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். போன இடத்தில் கழற்றி நிறுத்திவிட்டால் வீடு ரெடி.

உள்ளே ஏறிப் பார்த்தேன். அடேயப்பா! இருபதடி நீளத்துக்குள் காஸ் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தொட்டி, அலமாரி, ஷவரோடு குளியலறை, முன்பக்கம் பெரியவர்களுக்குக் கட்டில், பின்பக்கம் குழந்தைகளுக்கு மேலும் கீழுமாக ரயில் பெர்த் மாதிரி இரண்டு படுக்கை. சாப்பாட்டு மேஜையை இறக்கினால் அதுவும் படுக்கையாகிறது. சுவரை விரலால் தட்டினேன். டொக் டொக் என்று சத்தம் வந்தது. அட்டைப் பெட்டியைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம்.

எல்கார்ட்டில் இந்த வண்டிகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. 1913-இல் செய்த டிரெய்லர் ஒன்று அங்கே நிற்கிறது. ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் கட்டி இழுத்தது. மே வெஸ்ட் என்ற ஹாலிவுட் நட்சத்திரத்துக்காக 1931-இல் செவர்லே வண்டி மீது கட்டிய நடமாடும் அறையும் இருக்கிறது. நூறு வருஷத்தில் வசதிகள் எவ்வளவோ கூடிவிட்டன. ஆனால் இழுக்கிற வண்டிக்கு பாரம் கூடக் கூடாது என்ற விதி மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

சுவர் எப்படி உருவாகிறது?

இங்குள்ள சில தொழிற்சாலைகள் வெளியாட்களையும் சுற்றிப் பார்க்க விடுகின்றன. நாங்களும் ஒன்றில் பார்த்தோம். முதலில் இரும்புச் சட்டமும் சக்கரமும். அதன்மேல் தரை. தரை போட்டதும் அலமாரி, கட்டில், குளியலறைத் தடுப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம்தான் பக்கச் சுவர்! நாம் வீடு கட்டுகிற முறைக்கு நேர் தலைகீழ்.

சுவரை மேஜை மேல் படுக்க வைத்துச் செய்கிறார்கள். நம் ஊர் ரீப்பர் கட்டை மாதிரி ஒன்றரை அங்குலப் பைன் மரச் சட்டங்கள். உள்பக்கம் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் கனத்தில் பிளைவுட். அவ்வளவுதான். அதன் முகத்தில் மர நிறக் காகிதம் ஒட்டியிருக்கும். பசை தடவி, பின் அடித்து, சட்டங்களின் நடுவில் கண்ணாடிப் பஞ்சை நிரப்பி, வெளிப்பக்கம் அலுமினியத் தகட்டைப் பொருத்துகிறார்கள். இது ஒரு முறை.

இன்னொரு முறையில் அலுமினியச் சட்டம், நடுவில் தெர்மோகோல் மாதிரியான கட்டி, இரண்டு பக்கமும் மெல்லிய பலகை, வெளியே ஃபைபர் கிளாஸ். எல்லாவற்றையும் பசை போட்டு ஒரே பலகையாக அழுத்திவிடுகிறார்கள். தங்கை மகள் வீட்டு வண்டி முதல் ஜாதி.

உள்ளே இருக்கும் குளியலறைத் தடுப்பும், படுக்கைத் தடுப்பும் இன்னும் மெல்லியவை. சட்டம் இருக்கிற இடத்தில் திருகாணி போட்டால் பிடிக்கும். சட்டம் இல்லாத இடத்தில் போட்டால் முறுக்கும்போதே கழன்று கையோடு வரும். டி.வி. மாட்டுகிற இடம், தொங்கு அலமாரி வருகிற இடம் என்று ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் கம்பெனியே உள்ளே தடித்த பலகை வைத்து அனுப்புகிறது.

"இவ்வளவு மெல்லிசா செஞ்சு ஏமாத்தறாங்களே!" என்றாள் தங்கை மகள். ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. கனமான வீடு நகராது. நகர வேண்டுமென்றால் கனம் குறைய வேண்டும். அதைப் பாதி உணர்ந்தாலும், வீட்டுக்காரிக்கு வேண்டிய சௌகரியங்கள் என்று சில இருக்கின்றனவே!

ஆளுக்கொரு கொக்கி

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் பட்டியல் போட்டோம். தங்கை மகளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை.

"பெரியம்மா, மேலே ஒரு கொக்கி வேணும். தூளி கட்டலைன்னா இவ தூங்கவே மாட்டா. அப்புறம் அடுப்புக்குப் பக்கத்துல அஞ்சறைப்பெட்டி, டப்பாவெல்லாம் வைக்க ஒரு ஷெல்ஃப். சின்னதா ஒரு சாமி அலமாரி."

ஏழு வயதுப் பேரனுக்கு மேல் பெர்த்தில்தான் படுக்க வேண்டும். விழாமலிருக்கத் தடுப்புக் கம்பி வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் வலி. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்கு ஒண்ணும் வேண்டாம். பாத்ரூம்ல எழுந்திருக்கறப்போ பிடிச்சுக்க ஒரு கம்பி இருந்தாப் போதும்."

மாப்பிள்ளை எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில் வைத்திருந்தார். "இதுக்கெல்லாம் ஏன் தனித்தனியா யோசிக்கணும், அத்தை? உள்சுவர் பூராவுக்கும் அரை அங்குல பிளைவுட் அடிச்சுட்டா, எங்கே வேணும்னாலும் ஆணி அடிக்கலாம். புது வண்டி, இப்பவே செஞ்சுட்டா ஒரே வேலை."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம் வீட்டுச் சுவராக இருந்தால் நானும் சரியென்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் இது ஓடுகிற வீடு. கணக்குப் பார்க்காமல் செய்யக் கூடாது என்று எல்லாருக்கும் பட்டது.

கிலோக் கணக்கு

டிரெய்லரின் வாசல் கதவருகே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இந்த வண்டியில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கிறது. இவர்கள் வண்டியில் 1,050 பவுண்டு, அதாவது சுமார் 476 கிலோ. நாலைந்து பேர் குடித்தனத்துக்கு இது தாராளம் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டி 40 காலன். நிரப்பினால் சுமார் 151 கிலோ. மீதி 325 கிலோ. அரை அங்குல பிளைவுட், எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்று சுமார் 20 கிலோ வரும். ஜன்னல், அலமாரி போக மீதிச் சுவரை மூடுவதற்கு எட்டுப் பலகையாவது வேண்டும். 160 கிலோ! அப்புறம் மிஞ்சுவது 165 கிலோ. அதற்குள்ளே மெத்தை, போர்வை, துணிமணி, பாத்திரம், குக்கர், மிக்ஸி, அரிசி, பருப்பு, குழந்தை சாமான், விளையாட்டுச் சாமான், மடக்கு நாற்காலி எல்லாம் அடங்க வேண்டும். சுவருக்குச் சோறு போட்டுவிட்டு நாம் பட்டினி கிடக்கிற கதைதான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கிராமத்தில் மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு உடனே புரியும். வண்டியில் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்களே! பின்னால் பாரம் ஜாஸ்தியானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே தூக்கும். டிரெய்லருக்கும் அதேதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன் கொக்கி மேல் உட்கார வேண்டும் என்கிறார்கள். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது டிரெய்லர் பாம்பு மாதிரி இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பிக்கும். இழுக்கிற வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக் கூடிய ஆட்டம் அது. குழந்தைகள் பெர்த் இருப்பதோ வண்டியின் கடைசியில். பலகையில் பாதிக்கு மேல் அங்கேதான் போகும்.

மாப்பிள்ளை காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். "அப்ப அம்மாவுக்குக் கம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே!

தச்சர் கேட்ட கேள்வி

எல்கார்ட்டுக்குக் கிழக்கே ஷிப்ஷெவானா என்று ஓர் ஊர். சுற்றிலும் ஆமிஷ் சமூகத்தினர் வாழ்கிறார்கள். கார் வைத்துக்கொள்வதில்லை. குதிரை வண்டியில் போகிறார்கள். பெண்கள் தலையில் தொப்பி, ஒரே நிற உடை. ஆண்கள் தாடி வைத்து மீசையை மழித்திருக்கிறார்கள். வீட்டில் மின்சாரக் கம்பி இணைப்பு வைத்துக்கொள்வதில்லை. வேடிக்கை என்னவென்றால் வண்டி வீட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களில் இவர்கள் நிறையப் பேர். தாங்கள் கார் ஓட்டாதவர்கள், அமெரிக்கா முழுதும் ஓடுகிற வீடுகளைச் செய்து அனுப்புகிறார்கள்! மரவேலையில் அப்படி ஒரு கைத்திறன்.

கோடையில் செவ்வாய், புதன் இரண்டு நாளும் அங்கே பெரிய சந்தை கூடுகிறது. பழைய சாமான், செடி, துணி, பாத்திரம், தேன், ஜாம் என்று நம் வாரச் சந்தை மாதிரியே கூட்டம். சந்தைக்குப் போன சாக்கில் டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு போய், அங்கே பட்டறை வைத்திருக்கும் ஒரு தச்சரிடம் காட்டினோம். தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தவர்.

அவர் பட்டியலை முழுதும் கேட்டார். அவசரப்படாமல் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதில் சாமான் தொங்கப் போகிறதா, ஆள் பிடிக்கப் போகிறாரா?"

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப் போயிற்று. சாமான் தொங்குவதென்றால் சாமானை மாற்றிக்கொள்ளலாம், கீழே வைக்கலாம், லேசானதாக வாங்கலாம். சுவரைத் தொட வேண்டியதில்லை. ஆள் பிடிக்கிற இடத்தில் மட்டும், அந்த ஆளின் முழு எடையும் ஒரு நொடியில் அதன்மேல் விழும் என்று நினைத்துக்கொண்டு பலப்படுத்த வேண்டும். எங்கள் பட்டியல் மளமளவென்று பிரிந்துவிட்டது.

எது வேண்டும், எது வேண்டாம்

முதலில் சம்பந்தியம்மாவின் கைப்பிடி. இது ஆள் பிடிக்கிற இடம். குளியலறையில் ஏற்கெனவே ஒரு துண்டுக் கம்பி இருந்தது. பார்க்கக் கைப்பிடி மாதிரியே இருக்கும். இரண்டு சின்னத் திருகாணியில் நிற்கிறது. தடுமாறுகிற நேரத்தில் வயதானவர்கள் கை முதலில் அதைத்தான் தேடும். அது பிய்த்துக்கொண்டு வந்தால் விழுகிற விழுக்காடு மோசமாக இருக்கும். அதனால் தச்சர் முதலில் அந்தத் துண்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு வேறிடத்தில் ஒட்டும் கொக்கி வைத்தார்.

பிறகு முக்கால் அங்குல பிளைவுட்டில் ஒரு பட்டையை, இந்தச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டம் வரை அகலமாக வெட்டி, தரையில் ஊன்றி நிற்கும்படி வைத்தார். பாரம் தரைக்கு இறங்க வேண்டும் என்பதற்காக. தடுப்புக்கு அந்தப் பக்கம் துணி அலமாரி. அதன் உட்புறமும் ஒரு பலகை. நடுவில் உள்ள மெல்லிய சுவர் இரண்டுக்கும் இடையில் சான்ட்விச் போல அகப்பட்டுக்கொண்டது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போல்ட், அகலமான வாஷர். அதற்குப் பிறகுதான் கைப்பிடி. மாப்பிள்ளை தன் முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்துப் பார்த்த பிறகுதான் அம்மாவைத் தொடவிட்டார். வாசற்படியிலும் ஏறி இறங்க ஒரு கைப்பிடி உண்டு. அதைக் கம்பெனியே சட்டத்தோடு போல்ட் போட்டு வைத்திருந்தது.

அடுத்தது பேரனின் மேல் பெர்த். 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை மேல் படுக்கையில் படுக்க வைக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. இவனுக்கு ஏழு முடிந்துவிட்டது. தடுப்புக் கம்பியைச் சுவரில் மாட்டவே வேண்டாம் என்றார் தச்சர். படுக்கைக்கு அடியில் உள்ள மரச் சட்டத்திலேயே போல்ட் போட்டு நிறுத்தினார். பையன் சாய்ந்தாலும் உதைத்தாலும் பாரம் கட்டிலுக்குத்தான் போகும். ஏணிக்கும் அப்படியே. படுக்கையில் எவ்வளவு எடை தாங்கும் என்று ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, "நண்பர்களையும் மேலே ஏற்றக் கூடாது" என்று அவனிடமே சொன்னார்.

அடுப்பங்கரை ஷெல்ஃப் வேண்டாம் என்று முடிவாயிற்று. ஓடுகிற வண்டியில் அஞ்சறைப்பெட்டி தலைக்கு மேலே எதற்கு? மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களைக் கீழ் அலமாரியில் கூடையோடு வைத்தாள் தங்கை மகள். குக்கரும் மிக்ஸியும் சக்கரத்துக்கு நேர் மேலே, தரையோடு. சாமி படத்தைச் சுவரில் ஒட்டும் பட்டையில் வைத்து, வண்டி கிளம்பும் முன் எடுத்துத் துணிக்குள் சுற்றி வைப்பது என்று ஏற்பாடு.

தூளிதான் கஷ்டமாக இருந்தது. "என் கையால ஆட்டித் தூங்க வைக்கறதே ஒரு சுகம், பெரியம்மா" என்றாள் அவள். எனக்கும் தெரியாதா? ஆனால் கூரையின் உள்ளே இருப்பதும் லேசான சட்டங்கள்தான். நின்ற பாரத்தைவிட ஆடுகிற பாரம் இழுக்கிற இழுப்பு அதிகம். குழந்தை வளர வளர அதன் எடையும் கூடும். ஒரு கொக்கி தளர்ந்தால் மழைத் தண்ணீர் இறங்கவும் அதுவே வழி. தச்சர் தலையை மட்டும் ஆட்டினார். மறு பேச்சில்லை. தரையில் நிற்கும் மடக்குத் தொட்டிலில், அதோடு வரும் கெட்டியான மெத்தை மேல், தலையணை, பொம்மை எதுவும் இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைப்பது என்று தீர்மானம். இரண்டு ராத்திரி குழந்தை படுத்தினாள். மூன்றாம் நாள் தூங்கிவிட்டாள்.

வெளிச்சுவரில் ஒரு ஆணி கூட அடிக்கவில்லை. அதற்கும் காரணம் சொன்னார். இந்த வண்டிகளுக்கு முதல் எதிரி தண்ணீர். ஜன்னல் ஓரத்திலோ கூரை ஓரத்திலோ கசிவு வந்தால் உள் பலகை உப்பும், காகிதம் நிறம் மாறும். அதைக் கண்ணால் பார்த்ததும் சரி செய்யலாம். மேலே இன்னொரு பலகை அடித்து மூடிவிட்டால் கசிவு தெரியவே தெரியாது. உள்ளே சட்டம் மக்கி, பூஞ்சணம் பிடித்த பிறகுதான் வாசனை சொல்லும். இட்லி வேக வைக்கிற ஆவி ஒன்று போதாதா! சமைக்கும்போது மேல் விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்து வைப்பது அதனால் கட்டாயம்.

மொத்தத்தில் ஒரு முழுப் பலகைக்கும் குறைவாகவே செலவாயிற்று.

பிளைவுட்டின் வாசனை

இதோடு சேர்த்து நம் போன்ற தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. 2005-இல் கத்ரீனா புயல் அடித்து லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தபோது, அமெரிக்க அரசாங்கம் இப்படிப்பட்ட டிரெய்லர்களைக் கொடுத்துத் தங்க வைத்தது. குடியிருந்தவர்கள் கண் எரிச்சல், இருமல், தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். காரணம் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு. பிளைவுட்டிலும் மரத்தூள் பலகையிலும் போடுகிற பசையிலிருந்து வெளிவருவது. 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் சுகாதார அதிகாரிகள் 519 வண்டி வீடுகளில் காற்றைச் சோதித்தார்கள். சராசரியாக நூறு கோடிப் பங்கில் 77 பங்கு இருந்தது. சாதாரண வீடுகளில் இருப்பதைவிட அதிகம். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் இந்த வாயு இன்னும் கூடுதலாக வெளிவரும்.

அதன் பிறகு 2010-இல் சட்டம் வந்தது. 2018 முதல் அந்நாட்டில் விற்கிற பிளைவுட்டுக்கு அளவு கட்டுப்பாடு உண்டு. பலகையில் 'டி.எஸ்.சி.ஏ. டைட்டில் 6' என்று முத்திரை இருக்க வேண்டும். தச்சர் அந்த முத்திரையைக் காட்டிய பிறகுதான் பலகையை அறுத்தார். அறுத்த ஓரங்களுக்கெல்லாம் பெயிண்ட் பூசினார். ஓரத்திலிருந்துதான் வாயு அதிகம் வருமாம். வண்டியையும் ஒரு வாரம் ஜன்னல் திறந்து காற்றாட வைத்தார்கள். சின்ன அறைக்குள் பிளைவுட்டைக் கூட்டிக்கொண்டே போகாமலிருக்க இதுவும் ஒரு காரணம்தான். கைக்குழந்தை படுக்கிற இடம் அல்லவா?

உப்பில்லாத கடற்கரை

முதல் பிரயாணம் இந்தியானா டூன்ஸ். சௌத் பெண்டிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம். மிஷிகன் ஏரியின் தெற்குக் கரை. ஏரி என்று பெயரே தவிர, அக்கரை தெரியாது. அலை அடிக்கிறது. வாயில் விட்டுப் பார்த்தால் உப்பு மட்டும் இல்லை! காற்று அள்ளிக் குவித்த மணல் மேடுகள் மலை மாதிரி எழுந்து நிற்கின்றன. மாநிலப் பூங்கா 1920-களிலிருந்தே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி 2019-இல் தேசியப் பூங்காவாயிற்று. மரங்களின் நடுவே டிரெய்லர் நிறுத்த இடம், மின்சார இணைப்பு எல்லாம் மாநிலப் பூங்காவில் கிடைக்கிறது. கோடையில் முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைப்பது துர்லபம்.

போகும்போது எல்லாரும் முன் வண்டியில்தான் உட்கார்ந்தோம். டிரெய்லருக்குள் ஆட்களை வைத்துக்கொண்டு ஓட்டுவது பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். கூடவும் கூடாது.

போய் இறங்கியதும் மாப்பிள்ளை ஒவ்வொரு திருகாணியாகத் தொட்டுப் பார்த்தார். ரோட்டில் ஓடும் வீட்டுக்கு ஒவ்வொரு பிரயாணமும் ஒரு சின்னப் பூகம்பம் அல்லவா? ஒட்டும் கொக்கி இரண்டு வெயில் சூட்டில் விழுந்து கிடந்தன. ஒரு அலமாரிக் கதவின் கீல் தளர்ந்திருந்தது. கைப்பிடியும் பெர்த் கம்பியும் அசையவில்லை. சம்பந்தியம்மா மூன்று நாளும் யாரையும் கூப்பிடாமல் தானே குளித்து எழுந்து வந்தார். "பகவான் புண்ணியத்துல யாரையும் எதிர்பார்க்காம இருந்தேன்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். மாலையில் மணல் மேட்டு அடிவாரம் வரை மெல்ல நடந்து வந்து, பேரன் மேலேயிருந்து சறுக்கி வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாங்குகிறவர்கள் கவனிக்க

வெளிநாட்டில் மகனோ மகளோ வண்டி வீடு வாங்கப் போவதாகச் சொன்னால், இந்தக் குறிப்புகளை எழுதி அனுப்புங்கள்:

1. வாங்கும் முன்பே மஞ்சள் ஸ்டிக்கரில் பார எடையைப் படிக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து தண்ணீரின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் உங்கள் குடித்தனத்துக்கு.

2. சுவருக்குள் எங்கெங்கே தடித்த பலகை இருக்கிறது என்று கம்பெனியிடம் படம் கேட்டு வாங்கலாம். ஆர்டர் கொடுத்துச் செய்வதானால், வேண்டிய இடத்தில் பலகை வைத்தே தருவார்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

3. மரச் சட்ட வண்டியானால் சுவர் மேல் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். பின் அடித்த இடத்தில் ஒட்டும். அங்கேதான் சட்டம்.

4. துளை போடும் முன், உள்ளே மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று பார்க்க வேண்டும். திருகாணி சட்டத்தின் ஆழத்துக்கு மேல் நீளக் கூடாது.

5. ஒரே பலகையாக அழுத்திய ஃபைபர் கிளாஸ் சுவரில் துளை போடுவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். தண்ணீர் புகுந்தால் பலகை பிரிந்து புடைத்துவிடும்.

6. சுவரில் கை வைக்கும் முன் வாரண்டிப் புத்தகத்தைப் படித்து, சந்தேகம் இருந்தால் எழுத்திலே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. துண்டுக் கம்பியைக் கைப்பிடியாக யாரும் பயன்படுத்த வேண்டாம். வீட்டில் வயதானவர்களோ கர்ப்பிணிகளோ இருந்தால், அதைக் கழற்றிவிடுவதே நல்லது.

8. ஒவ்வொரு பிரயாணம் முடிந்ததும் கைப்பிடி, பெர்த் கம்பி, ஏணி மூன்றையும் இழுத்துப் பார்த்த பிறகே குழந்தைகளையும் பெரியவர்களையும் உள்ளே விடுங்கள்.

எல்கார்ட் பக்கம் போக வாய்ப்புக் கிடைத்தால் மியூசியத்துக்கு ஒரு பகல், ஷிப்ஷெவானா சந்தைக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள். சந்தையில் ஆமிஷ் பெண்கள் செய்து விற்கும் ஆப்பிள் வெண்ணெய் என்று ஒன்று கிடைக்கும். பேருக்குத்தான் வெண்ணெய், ஆப்பிளைக் காய்ச்சிச் செய்த ஜாம்தான் அது. சுடச்சுடச் சப்பாத்திக்குத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், அருமையாக இருக்கும்!